மெர்வ் தூக்காத விரல்

1

இந்தக் கதை ஒரு விரலிலிருந்து வந்தது. சரியாகச் சொன்னால், எழாமல் போன ஒரு விரலிலிருந்து.

விக்டோரியா மாநிலத்தின் மேற்குப் பகுதியில், கோதுமையும் மைசூர்ப் பருப்பும் விளைகிற எங்கள் டாரிப்பில், எதிரே வண்டி வந்தால் ஸ்டியரிங்கிலிருந்து ஆட்காட்டி விரலைத் தூக்க வேண்டும். கை அப்படியே இருக்கும், விரல் மட்டும் எழுந்து படுக்கும். முழுக் கையையும் ஆட்டுகிறவர் நகரத்துக்காரர். இரண்டு விரல் தூக்குகிறவர் ஏதோ விற்க வந்திருக்கிறார். ஒன்றுமே தூக்காதவர் நம்மீது வழக்குப் போட்டிருக்கிறார்.

ஜூன் மாதத்தில் ஒரு காலை, தானியக் கிடங்குச் சாலையில் மெர்வ் ஸ்டாக்டேலின் உர லாரி எதிரே வந்தது. நான் விரலைத் தூக்கினேன். அவர் தூக்கவில்லை. என்ன செய்துவிட்டோம் என்று வீடு வரும்வரை யோசித்தேன். உள்ளூர் வாரப் பத்திரிகைக்குக் கால்பந்துச் செய்தி எழுதுவது நான்தான். முந்தைய இதழில் மெர்வின் மைத்துனர் மகனைப் பற்றி ‘சுமாராக ஆடினார்’ என்று எழுதியிருந்தேன். அதுதான் காரணமாக இருக்கும் என்று முடிவு செய்து, அடுத்த இதழில் ‘அபாரம்’ என்று போட்டேன். தோளில் அடிபட்டு அவன் அந்த வாரம் ஆடவே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

மெர்வ் யாருக்குமே விரல் தூக்குவதில்லை என்பதும் பிறகுதான் தெரிந்தது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘நம்பிக்கை என்பது ஒரு சமூகத்தின்—’

(விட்டுவிட்டேன். டாரிப்பில் யாரும் இப்படியொரு வாக்கியத்தை முடிக்கும்வரை நின்று கேட்க மாட்டார்கள்.)

அடுத்தது: ‘கண்காணிக்கப்படும் மனிதன் தன் உடலையே ஒரு—’

(இதுவும் அந்த ஜாதி.)

மூன்றாவது: ‘மெர்வ் ஸ்டாக்டேலின் இருக்கை அதிர்ந்தது.’ இது நிற்கும். இங்கிருந்தே போகலாம்.

மெர்வ் ஸ்டாக்டேலின் இருக்கை அதிர்ந்தது. அவர் முப்பது வருடமாக லாரி ஓட்டுகிறவர். இருக்கை தானாக அதிர்ந்தால் பின் அச்சு போய்விட்டது என்று பொருள். ஓரம்கட்டி இறங்கி, குனிந்து, சக்கரங்களை ஒவ்வொன்றாக உதைத்துப் பார்த்தார். ஒன்றுமில்லை. ஏறி உட்கார்ந்து கிளம்பினார். எதிரே தபால்காரம்மா வந்தார். மெர்வ் விரலைத் தூக்கினார். இருக்கை மறுபடி அதிர்ந்தது.

முந்தைய நாள்தான் லாரியில் இரண்டு கேமரா பொருத்தியிருந்தார்கள். ஒன்று சாலையைப் பார்த்தது, இன்னொன்று மெர்வைப் பார்த்தது. சாலையைப் பார்ப்பதோடு மெர்வுக்கு எந்தத் தகராறும் இல்லை. போன வருடம் ஒரு ஈமு பக்கவாட்டில் ஓடிவந்து லாரியை இடித்தபோது காப்பீட்டுக்காரர்கள் அவரை நம்பவில்லை. அப்படியொரு கேமரா இருந்திருந்தால் அந்தப் பறவையின் முகத்தையே காட்டியிருப்பார்.

மற்றது வேறு விஷயம். அது அவர் கண்ணிமையை அளந்தது, கையைப் பார்த்தது. விரல் எழுந்ததும் ‘கைபேசியை நோண்டுகிறார்’ என்று முடிவுகட்டி இருக்கையை உலுக்கியது, டிப்போவுக்கும் சொன்னது.

டிப்போவின் பாதுகாப்பு மேலாளர் பெதனி, மெர்வின் மகள் வயதுக்காரர். அவர் போன் செய்தார்.

“மெர்வ், ஒரே நாள்ல இத்தனை தடவை போன் எடுத்திருக்கீங்க.”

“எங்கிட்ட இருக்கிற போனை எடுக்கணும்னா ரெண்டு கை வேணும். வணக்கம்தான் சொன்னேன்.”

“யாருக்கு?”

“எதிர்ல வந்தவங்களுக்கு.”

திரையில் காரணம் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றார் பெதனி. உணவு, பானம், கைபேசி, புகை இவ்வளவுதான் இருக்கின்றன, வணக்கம் இல்லை. “எதுல போடட்டும்?”

இருப்பதில் கௌரவமானது புகைதான் என்று மெர்வுக்குப் பட்டது. அவர் வாழ்நாளில் புகை பிடித்ததில்லை. அந்த வாரத்திலிருந்து நிறுவனத்தின் நலப்பிரிவிலிருந்து ஒரு அன்பான குரல், விட்டுவிடுங்கள், உங்களால் முடியும் என்று அவரை அழைக்கத் தொடங்கியது.*

* ஆகஸ்டில் அவர் புகையை விட்டுவிட்டதாகச் சொன்னார். பாராட்டி ஒரு தண்ணீர்ப் புட்டி அனுப்பினார்கள்.

3

இனி மெர்வ் செய்த முயற்சிகள். (எதையும் நான் கூட்டவில்லை. குறைத்திருக்கிறேன்.)

விரலுக்குப் பதில் தலையை ஆட்டினார். ‘தூங்கி விழுகிறார்’ என்றது கேமரா. புருவத்தை உயர்த்தினார். ‘பார்வை சாலையில் இல்லை.’ முன்விளக்கைச் சிமிட்டினார். அதைக் கேமரா பொருட்படுத்தவில்லை, ஊர் பொருட்படுத்தியது. எங்கள் பக்கம் விளக்கைச் சிமிட்டினால் முன்னால் போலீஸ் நின்று வேகத்தைச் சோதிக்கிறது என்று அர்த்தம். இரண்டு நாள் டாரிப் முழுக்க வண்டிகள் ஊர்ந்தன. போலீஸே இல்லை என்று தெரிந்தபிறகு, மெர்வ் வேண்டுமென்றே விளையாடுகிறார் என்று பேச்சாயிற்று.

கடைசியில் அவர் மனைவி ஹெதர், பாத்திரம் கழுவும் மஞ்சள் கையுறையில் கோதுமையை அடைத்து, ஒரு விரலை மட்டும் நிமிர்த்தித் தைத்து, லாரியின் முன்கண்ணாடிக்குக் கீழே ஸ்பிரிங்கில் நிறுத்திக்கொடுத்தார். மேடு பள்ளத்தில் அது தானே ஆடி எல்லோருக்கும் வணக்கம் சொல்லும்.

பத்து நிமிடத்தில் பெதனி அழைத்தார். “மெர்வ், வண்டில கூட யாரு?”

4

வாசகர் வெகுநேரமாக ஒன்று கேட்டுக்கொண்டிருக்கிறார்: கேமரா இருக்கிறது, அதனால் தூக்க முடியவில்லை என்று ஊரில் சொல்லிவிட்டால் என்ன?

நானும் ஹெதரிடம் அதைத்தான் கேட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். சொன்னால் என்ன ஆகும், அந்த விரல் தனக்கு முக்கியம் என்று மெர்வ் ஒத்துக்கொண்டதாக ஆகும். “அதுக்குப் பதிலா அந்த ஆளு லாரிக்கடில படுத்துக்குவாரு,” என்றார். விரல் தூக்குவதைப் பற்றி டாரிப்பில் யாரும் பேசுவதில்லை. பேசினால் அது வேறு ஏதோ ஆகிவிடும்.

பேசாததால் ஊர் தானே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டது. ஹெதரின் அண்ணன் பேஸில் நூனன், மெர்வின் முப்பது வருடத் தோழர். அறுவடையில் ஒருவர் நிலத்தில் மற்றவர் நிற்பார். அந்த ஜூனில்தான் நூனன் தன் மேட்டுவயலைக் காற்றாலைக் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டிருந்தார். ஊர் அதில் இரண்டாகப் பிளந்திருந்தது. மெர்வ் நூனனுக்கு விரல் தூக்கவில்லை, ஆகவே மெர்வ் காற்றாலைக்கு எதிரி என்றாயிற்று.

எதிர்ப்புக்குழுத் தலைவி ஐலீன் பழக்கேக்கோடு வந்து, உங்கள் மௌனமான உறுதியைப் பாராட்டுகிறோம் என்றார். கேக்கை வாங்கிக்கொள்வதா வேண்டாமா என்று மெர்வுக்குத் தெரியவில்லை. வாங்கிக்கொண்டார். அதற்கடுத்த வாரம் ஒரு துண்டுப்பிரசுரத்தில் அவர் படம் வந்தது, இரண்டு கையும் ஸ்டியரிங்கில்.

இதற்கிடையில் மெர்வ் தினமும் சவரம் செய்யத் தொடங்கியிருந்தார். கேபினில் தனக்குத்தானே பேசுவதை நிறுத்தினார், மூக்கைச் சொறிவதை நிறுத்தினார். ஓரம்கட்டி நின்றுதான் கொட்டாவி விட்டார். “உர மூட்டைக்கா இவ்ளோ அலங்காரம்?” என்று கேட்டார் ஹெதர். யாரோ பார்க்கிறார்கள் என்றார் மெர்வ். யார் என்று கேட்டதற்கு அவருக்குத் தெரியவில்லை. நாளெல்லாம் எதிரே உட்கார்ந்து முகத்தையே பார்க்கிற ஒன்று, ஒருமுறைகூடத் திரும்ப வணக்கம் சொல்லவில்லை என்பதுதான் அவருக்கு ஆறவில்லை.

5

இங்கே நான் ஒரு பாத்திரத்தைக் கொண்டுவந்தேன். அவள் மீது எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

படங்களை வெளிநாட்டில் ஒரு குழு சரிபார்க்கிறது, எந்த நாடு என்று தனக்கே தெரியாது என்று பெதனி சொல்லியிருந்தார். அதனால் நான் ஃபிஜியில், சுவா நகரத்து மாடியறை ஒன்றில் லிட்டியா என்ற பெண்ணை உட்காரவைத்தேன். மரவள்ளிக்கிழங்கும் தேங்காய்ப்பாலில் மீனும் சாப்பிட்டபடி மெர்வைப் பார்க்கிறாள். விரல் எழுகிறது. அவளுக்குப் புரிந்துவிடுகிறது. வாசலைக் கடந்து போகிறவர் யாரானாலும் சாப்பிடக் கூப்பிடுகிற ஊர்க்காரி அவள். அவள் முன்னால் இரண்டு பொத்தான்கள்: ‘மீறல்’, ‘மீறல் அல்ல’. அவள்—

(நிறுத்துகிறேன். கதைக்குக் கருணை தேவைப்பட்ட இடத்தில் நானே கருணையை வேலைக்கு அமர்த்தியிருக்கிறேன். அதோடு, லிட்டியாவுக்கு மெர்வின் கழுத்து மச்சம் வரை தெரியும், மெர்வுக்கு அவள் பெயர்கூடத் தெரியாது. இதை நட்பு என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அவள் அங்கே இல்லாமலும் இருக்கலாம். அவள் சாப்பாட்டை மட்டும் கோடிட்டு அடிக்காமல் விடுகிறேன்.)

6

அக்டோபரில் இரண்டு செய்தி ஒரே நாளில் வந்தன.

பெதனி டிப்போவுக்கு அழைத்து, கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். இன்னும் ஒரு மீறல் பதிவானால் லாரியிலிருந்து இறக்கிவிடுவார்கள், தன்னால் எதுவும் செய்ய முடியாது. “நீங்க சொல்றதை நான் நம்புறேன், மெர்வ். ஆனா என் நம்பிக்கையைப் போடுறதுக்கு அதுல இடம் இல்ல.” மெர்வுக்கு வயது ஐம்பத்தொன்பது. டாரிப்பில் ஓட்ட வேறு லாரி வேலை இல்லை.

அன்றே நூனன் தங்கை வீட்டுச் சமையலறையில் தொப்பியைக் கழற்றாமல் நின்றார்.

“ஹெத், காத்தாடி வேணாம்னா மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுப் போகட்டும். நான் தாங்கிக்குவேன். என்னைப் பாத்துட்டு, அந்த விரலை அப்படியே வெச்சிட்டுப் போறான் பாரு, அதைத்தான்...”

ஹெதர் அண்ணனிடம் கேமராவைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னார். நூனன் கேட்டுக்கொண்டார். கம்பெனிக்காகத் தன்னைத் தெரியாதவன் மாதிரிப் போகிறவன், கோபத்தில் போகிறவனைவிட மோசம் என்றார். வியாழக்கிழமை கிடங்குச் சாலையில் எதிரே வருவேன், அன்றும் தூக்கவில்லையென்றால் இந்த அறுவடைக்கு அவன் என் நிலத்துக்கு வரவேண்டாம், கிறிஸ்துமஸுக்கும் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

7

வியாழக்கிழமைக்கு நான் எழுதிய முடிவுகள்:

மெர்வ் தூக்குகிறார், வேலை போகிறது, நூனனின் காற்றாலையில் காவலாளியாகச் சேர்கிறார், அங்கே அவரைப் பார்க்க நான்கு கேமரா. (சிரிப்பு வருகிறது. ஹெதர் இதைப் படித்தால் சிரிக்க மாட்டார்.)

மெர்வ் தூக்கவில்லை, ஐலீனின் குழு அவரை நகராட்சித் தேர்தலில் நிறுத்துகிறது, அவர்— (வேண்டாம்.)

லிட்டியா பொத்தானை அழுத்துகிறாள். (அவள் இருக்கிறாளா என்று இன்னும் தெரியவில்லை.)

ஆகவே சாலை மட்டும் மிச்சமிருக்கிறது. நேரான சாலை, இருபுறமும் பழுக்கத் தொடங்கிய கோதுமை. எதிரே நூனனின் வெள்ளை பிக்கப், முதலில் புள்ளியாக, பிறகு வண்டியாக. இப்போது தொப்பி தெரிகிறது. நூனனின் இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்கின்றன. இவ்வளவு பேசியவரும் முதலில் தூக்கப்போவதில்லை. மெர்வ் சவரம் செய்திருக்கிறார். மஞ்சள் கையுறை காலடியில் கிடக்கிறது. கேமராவின் சிறிய சிவப்பு விளக்கு அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

அந்த விரலை நான் தூக்க மாட்டேன், இறக்கியும் வைக்க மாட்டேன். நாளைக்கும் இதே சாலையில் இவர்கள் இருவருக்கும் எதிரே போக வேண்டியவன் நான். உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. இந்தப் பக்கத்தைப் பிடித்திருக்கும் உங்கள் கையில் ஆட்காட்டி விரல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். உங்களை யாரும் பதிவு செய்யவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

தூக்குவதானால் இப்போதே தூக்குங்கள். வண்டி கடந்தபிறகு தூக்கினால் அது கணக்கில் வராது.