அஜிதாவுக்கு முன்னால் போன ரத்தம்

அஜிதாவின் ரத்தம் அவளுக்கு ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் முன்பே ஜெர்மனிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அவள் இப்போதுதான் போகிறாள். லண்டனில் ஏறி, பிரசெல்ஸில் ஒரு முறை, கொலோனில் ஒரு முறை ரயில் மாறி, எசன் வர இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கும்போது அவளுக்குத் திரும்பிப் போய்விடலாமா என்று இருந்தது.

அவள் அமெரிக்காக்காரி. ஒஹாயோ மாநிலத்தில் கொலம்பஸில் பிறந்து வளர்ந்தவள். அப்பா பாஸ்கரனும் அம்மா சந்திராவும் தூத்துக்குடியிலிருந்து போனவர்கள். ஆறுகளில் வெள்ளம் எப்படி வருகிறது என்று ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்குவதற்காக இருபத்து மூன்று வயதில் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்துக்கு வந்தாள். மழையைப் படிக்க இதைவிடப் பொருத்தமான ஊர் இல்லை என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்தாள். வந்து மூன்றாவது வாரத்தில், காயாத சாக்ஸை ஹீட்டர் மேல் விரித்துக்கொண்டு, அந்த வரியை ஏன் எழுதினோம் என்று யோசித்தாள்.

ஒரே மொழி பேசும் நாடு, சமாளித்துவிடலாம் என்றுதான் வந்தாள். ஆனால் "ஆல்ரைட்?" என்று வீட்டுத் தோழி கேட்டபோது நின்று, தூக்கம் வராததையும் வயிறு சரியில்லாததையும் விவரமாகச் சொன்னாள். தோழி பாவம், கதவைப் பிடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். அது வெறும் வணக்கம் என்பது பிறகுதான் தெரிந்தது. ஆய்வு வழிகாட்டி அவள் எழுதியதைப் படித்துவிட்டு "கொய்ட் குட்" என்றார். அன்று மாலை அம்மாவுக்கு போன் போட்டுப் பெருமையடித்தாள். அங்கே அப்படிச் சொன்னால் சுமார் என்று அர்த்தம் என விளங்க ஆறு மாதமாயிற்று. வாயைத் திறக்கும்வரை எல்லோருக்கும் அவள் இந்தியாக்காரி, திறந்தவுடன் அமெரிக்காக்காரி. இரண்டுமாக ஒரே நேரத்தில் அவளைப் பார்க்க அங்கே யாருக்கும் வசதிப்படவில்லை.

அந்த முதல் மாதத்தில்தான், பல்கலைக்கழக வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் அவளைக் கூப்பிட்டார்கள். ரத்தப் புற்றுநோய்க்காரர்களுக்கு ஸ்டெம் செல் கொடுப்பவர்களின் பட்டியலில் சேர வேண்டுமாம். கன்னத்துக்குள் பஞ்சுக் குச்சியை நாலு முறை தேய்த்துக் கொடுத்தாள். பதிலுக்கு ஒரு டோனட் கொடுத்தார்கள். அத்தோடு மறந்துபோனாள்.

அடுத்த ஜூனில் போன் வந்தது. யாரோ ஒருவருக்கு அவளுடையது பொருந்துகிறது. பெரியவர், ஆண், நோய் கடுமை. அதற்கு மேல் எதையும் சொல்ல அனுமதியில்லை என்றார்கள். எந்த நாடு என்றுகூடச் சொல்லவில்லை.

அம்மா பயந்துபோனாள். "உனக்கு ஏதாச்சும் ஆயிட்டா நான் அங்க எப்ப வந்து சேர்றது?" என்று அழுதாள். அப்பா மட்டும் போனை வாங்கி, "போய்ட்டு வாம்மா" என்றார்.

நாலு நாள் வயிற்றில் ஊசி. இடுப்பெலும்புக்குள் யாரோ நடந்து திரிவது போல வலித்தது. ஐந்தாம் நாள் இரண்டு கையிலும் ஊசி குத்தி, ரத்தத்தை ஒரு இயந்திரத்துக்குள் விட்டு, வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பி ஏற்றினார்கள். நாலரை மணி நேரம் படுத்திருந்தாள். மூக்கு அரித்தபோது நர்ஸ் சொறிந்துவிட்டார். அவ்வளவுதான் நடந்தது. மாலையில் டாக்ஸி பிடித்து வீட்டுக்குப் போய் நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினாள்.

இரண்டு ஆண்டுகள் கழிந்த பிறகு, இரு தரப்பும் சம்மதித்தால் பெயரும் முகவரியும் மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். அவள் கையெழுத்துப் போட்டாள். வந்த தாளில் 'கிறிஸ்தோப்பர், எசன், ஜெர்மனி' என்று இருந்தது. ஜெர்மன்காரர் என்றே நினைத்துக்கொண்டாள். தொடர்ந்து வந்த மின்னஞ்சலில் அவர் மகள் எவ்லின் தமிழில் எழுதியிருந்தாள்: "நாங்கள் மன்னார் ஆக்கள். எங்கட அப்பா உயிரோட இருக்கிறார்."

அந்த இரண்டாவது வாக்கியத்தைக் கண்டுதான் அவளுக்குப் பயம் வந்தது. அது இன்னும் போகவில்லை. அவர்கள் ஒரு தெய்வத்தை எதிர்பார்த்து நிற்பார்கள். போய் இறங்கப்போவதோ, ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தை எட்டு மாதமாக முடிக்க முடியாத ஒருத்தி.

எசன் நிலையத்தின் நடைமேடையில் மூன்று பேர் நின்றார்கள். எவ்லின் கையில் அட்டை எதுவும் இல்லை. தேவையும் படவில்லை. ஐம்பத்திரண்டு வயதுக் கிறிஸ்தோப்பர் நல்ல உயரம், தலைமுடி குழந்தைக்கு முளைத்தது போல மெல்லிய சுருளாக இருந்தது. அவர் கட்டிப்பிடிக்கவில்லை, கும்பிடவில்லை. அவள் பெட்டியை வாங்கிக்கொண்டு, "வாங்கோ பிள்ளை. பயணம் சுகமோ?" என்றார். அவர் மனைவி மக்டலீன்தான் அவளுடைய இரண்டு கன்னத்தையும் பிடித்து, முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், சந்தையில் மீன் பார்ப்பவர் மாதிரி.

"நாங்கள் வெள்ளைக்காரன் எண்டல்லோ நினைச்சனாங்கள்" என்றார் மக்டலீன், வீட்டுக்குப் போகும் வழியில். "ஆஸ்பத்திரியில இங்கிலாந்தில இருந்து வருது எண்டு மட்டும் சொன்னவை. இவர் எழும்பி நடக்கத் தொடங்கினாப் பிறகு, இனி இங்கிலீஷ்காரன்ர ரத்தம், பாலூத்தின தேத்தண்ணிதான் குடிப்பன் எண்டு பகிடி விட்டவர். ரெண்டு வரியமாச் செபத்தில பேர் தெரியாத அந்த வெள்ளைக்காரத் தம்பிக்காக மன்றாடினனான். பிறகு தாள் வருது, அஜிதா பாஸ்கரன்!"

"நான் அமெரிக்கன், ஆன்ட்டி" என்றாள் அஜிதா, மன்னிப்புக் கேட்பது போல.

"அதுவும் ஒரு அதிசயம்தான்."

வீடு மூன்றாம் மாடியில் இருந்தது. மேசையில் இடைவெளி இல்லாமல் சாப்பாடு. இறால் குழம்பு, கணவாய்ப் பிரட்டல், புட்டு, கத்தரிக்காய், இன்னும் என்னென்னவோ. அஜிதாவுக்கு வழக்கமான தர்மசங்கடம் வந்தது. எந்த வீட்டுக்குப் போனாலும் கேட்டே தீர வேண்டிய கேள்வி. பையிலிருந்து, மூச்சடைத்தால் குத்திக்கொள்ளும் ஊசிப் பேனாவை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஆன்ட்டி, தப்பா நினைக்காதீங்க. இதுல எதுலயாவது வேர்க்கடலை இருக்கா?"

மக்டலீனுக்குப் புரியவில்லை. "என்ன கடலை? கொண்டைக்கடலையோ?"

"இல்ல, பீநட். எனக்கு அலர்ஜி. சின்ன வயசுலயே. ஒண்ணு சாப்பிட்டாக்கூட உதடு வீங்கி மூச்சு அடைச்சிடும்."

எவ்லின் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "அம்மா" என்றாள் மெதுவாக. "எர்ட்னுஸ். கச்சான்."

மக்டலீன் வாயைப் பொத்திக்கொண்டார். கிறிஸ்தோப்பர் அஜிதாவைப் பார்த்தார், பிறகு அவளுடைய ஊசிப் பேனாவைப் பார்த்தார். எழுந்து போய், வாசலில் தொங்கிய தன் சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்துவந்து, அவளுடையதற்குப் பக்கத்தில் வைத்தார். அதே மாதிரிப் பேனா. மூடியின் நிறம் மட்டும் வேறு.

"நான் கச்சான் திண்டு வளர்ந்தவன், பிள்ளை" என்றார். "மடுத் திருவிழாவுக்குப் போனா ஒரு சரை கச்சான் வாங்காமல் வாறேல்ல. அம்பது வரியமா ஒண்டும் செய்யேல்ல. ஒப்பரேசனுக்குப் பிறகு ஒரு வரியத்தால, கோயில் ஒன்றுகூடலில ரெண்டு கச்சான் வாயில போட்டன். அம்புலன்ஸிலதான் கொண்டுபோனவை."

"டாக்குத்தர் சொன்னவர், தந்த ஆளிட்ட இருந்தும் வந்திருக்கலாம் எண்டு" என்றாள் எவ்லின். "நாங்கள் நம்பேல்ல."

சின்ன வயதிலிருந்து பள்ளிக்கூடத்தில், விமானத்தில், பிறந்தநாள் விருந்துகளில் அவளைத் தனி மேசையில் உட்காரவைத்த அந்தத் தொல்லை, அவளுக்குத் தெரியாமல் கடல் கடந்து வந்து, முன்பின் அறியாத ஒரு மனிதரின் உடம்பில் குடியேறி, அவருடைய வாய்க்குள் போன கடலையை அடையாளம் கண்டிருக்கிறது.

"ஸாரி அங்கிள்" என்றாள்.

கிறிஸ்தோப்பருக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு மக்டலீனுக்கு. பிறகு நால்வரும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள். அந்த வீட்டில் அழுகை வேறு வழியில் வரத் தெரியாமல் அப்படி வந்தது போலிருந்தது.

"கச்சானை விடுங்கோ" என்றார் அவர், கண்ணைத் துடைத்தபடி. "என்ட ரத்தம் முந்தி ஓ. இப்ப பி. உங்கட என்ன?"

"பி."

"என்ட ரத்தத்தை எடுத்துச் சோதிச்சா, இது பொம்பிளை எண்டுதான் மெஷின் சொல்லும். பிறந்த பிள்ளையளுக்குப் போடுற ஊசி எல்லாம் திரும்ப முதல்ல இருந்து போட்டவை. சின்னமுத்து ஊசி போன வரியம்தான் போட்டது."

ஸ்டெம் செல் வந்து சேர்ந்த நாளை மக்டலீன் சொன்னார். கிறிஸ்தோப்பரின் தம்பி, டொரோண்டோவில் இருக்கும் தங்கை, யாருடையதும் பொருந்தவில்லை. ஜெர்மன் பட்டியலில் லட்சக்கணக்கான பேர் இருந்தார்கள், ஆனால் நம்மவர்கள் மிகக் கொஞ்சம். கிறிஸ்தோப்பரின் சொந்த எலும்பு மஜ்ஜையை மருந்தால் முழுக்க அழித்துவிட்டார்கள். பொருந்தியது வந்து சேராவிட்டால் திரும்ப வழியில்லை. அன்று மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு, ஆஸ்பத்திரி லிஃப்டிலிருந்து ஒரு மனிதர் நீலப் பெட்டியோடு இறங்கினார்.

"எனக்கு விளங்கிட்டுது. அந்த லிஃப்ட் வாசலிலயே முழந்தாளில இருந்தன். பெரிய ஒப்பரேசன் எண்டு நினைச்சா, இவ்வளவு சின்னப் பை. தக்காளிச் சூப் மாதிரி. முக்கால் மணித்தியாலத்தில இறங்கி முடிஞ்சுது. அந்தப் பையைக் கையால தொட ஏலாது எண்டவை. நான் கண்ணாடிக்கு வெளியால நிண்டு தொட்டன்."

அந்த மத்தியானத்தில் தான் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று அஜிதா யோசித்துப் பார்த்தாள். ஊசி போட்ட இடத்தில் பிளாஸ்டர் ஒட்டிய கையோடு துணி துவைக்கக் கடைக்குப் போயிருந்தாள். தவறிப்போய் சிவப்பு டி-ஷர்ட்டைப் போட்டு எல்லாத் துணியையும் இளஞ்சிவப்பாக்கிக்கொண்டு, வாழ்க்கையில் எதையும் ஒழுங்காகச் செய்யத் தெரியவில்லை என்று தன்னையே திட்டிக்கொண்டிருந்தாள்.

"எப்பிடி பொருந்திச்சுன்னு யாராவது சொன்னாங்களா?" என்று கேட்டாள். "எங்க அப்பா அம்மா தூத்துக்குடி."

கிறிஸ்தோப்பரும் மக்டலீனும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "எங்கட ஆக்களும் முந்தி முந்தி முத்துக்குளிக்க அங்கால இருந்து வள்ளத்தில வந்தவை எண்டு கதை இருக்கு" என்றார் அவர். "உண்மையோ பொய்யோ, ஆருக்குத் தெரியும்?"

அவர் கையை மேசை மேல் நீட்டினார். "பிடிச்சுப் பாருங்கோ பிள்ளை" என்றார் மக்டலீன். அஜிதா மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்தாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு விரலுக்கடியில் துடித்தது, சீராக, அவசரமில்லாமல். மூன்று ஆண்டுகளாக இந்த வீட்டின் படியேறி, இந்த மேசையில் சாப்பிட்டு, இந்த மகளின் பட்டமளிப்புக்குப் போய்க் கைதட்டிக்கொண்டு, தன்னுடைய ஏதோ ஒன்று இங்கேயும் இருந்திருக்கிறது. அவள் விரலை எடுக்கவில்லை. அவரும் கையை இழுத்துக்கொள்ளவில்லை. சாப்பாடு ஆறிப்போனது.

கிறிஸ்தோப்பர் டிராம் ஓட்டுநர். ஒன்றரை ஆண்டு மருத்துவ விடுப்புக்குப் பிறகு, முதலில் இரண்டு மணி நேரம், பிறகு நாலு மணி நேரம் என்று சிறிது சிறிதாகத் திரும்பவும் வேலைக்குச் சேர்த்திருந்தார்கள். மறுநாள் சனிக்கிழமை காலை அவருக்கு முழு நேர வேலை. "வந்து ஏறுங்கோ" என்று சொல்லியிருந்தார். "ஓடேக்க கதைக்க ஏலாது. ஆனா இருந்து பாருங்கோ."

ஓட்டுநர் அறைக்குப் பின்னால் முதல் இருக்கையில் அவள் உட்கார்ந்தாள். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் அவருடைய தோளும் சீருடைக் காலரும் தெரிந்தன. வண்டி நிலத்தடி நிலையத்திலிருந்து மேலேறி வெயிலுக்கு வந்தது. ஏறினார்கள், இறங்கினார்கள். சிவப்பு வெள்ளைச் சால்வை போட்ட கால்பந்து ரசிகர்கள் கூட்டமாக ஏறிப் பாடினார்கள். தலையில் முக்காடிட்ட தாய் ஒருத்தி இரட்டைக் குழந்தை வண்டியோடு ஏறினாள். பழைய நிலக்கரிச் சுரங்கத்தின் இரும்புக் கோபுரம் கூரைகளுக்கு மேல் எழுந்து, பிறகு பின்னால் போயிற்று. ஒரு நிறுத்தத்தில் கதவு மூடியாகிவிட்டது. தூரத்தில் ஒரு கிழவி உருளை நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு கையாட்டுவதைக் கண்டு, கிறிஸ்தோப்பர் மறுபடி திறந்து காத்திருந்தார். கிழவி மூச்சிரைக்க ஏறி உட்கார்ந்து, யாருக்கென்றில்லாமல் "டாங்கே" என்றாள்.

இந்த வண்டியில் இருக்கும் ஒருவருக்கும் எதுவும் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. கடைக்கும் வேலைக்கும் மைதானத்துக்கும் போகிறார்கள், அவ்வளவுதான். நாலரை மணி நேரம் சும்மா படுத்திருந்ததிலிருந்து இத்தனை பெரிய காலைப்பொழுது ஒன்று எழுந்து நடக்க முடியுமா? தான் செய்தது சின்னது என்பதில் அவளுக்கு இப்போதும் சந்தேகமில்லை. ஆனால் அந்தச் சின்னதுக்கு அப்பால் நடந்தது எதுவும் சின்னதில்லை. அதை அளக்க அவள் கற்ற கணக்கு எதுவும் போதவில்லை. முகத்தைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிக்கொண்டு, துடைக்காமல் அழுதாள்.

கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கினார்கள். மோட்டார் ஓசை அடங்கியது. கிறிஸ்தோப்பர் கதவைத் திறந்து வெளியே வந்து, பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றி முதல் கோப்பையை அவளிடம் கொடுத்தார். அவள் கண்ணைப் பார்த்தார்.

"ஏழு நிமிஷம் நிக்கும்" என்றார். "பிறகு இதே பாதையால திரும்பிறது. உங்களுக்கு அலுப்பா இருந்தா இங்க இறங்கி நடக்கலாம், வடிவான பூங்கா ஒண்டு இருக்கு."

"இல்ல அங்கிள். நானும் வர்றேன்."

"ஓம், வாங்கோ" என்று சொல்லிவிட்டு, கிறிஸ்தோப்பர் வண்டியின் மறுமுனையில் இருந்த ஓட்டுநர் அறைக்கு நடந்தார். அஜிதா கோப்பையோடு அவர் பின்னாலேயே போய், அந்தப் பக்கத்து முதல் இருக்கையில் உட்கார்ந்தாள்.