இருமல் இல்லாதவர்கள்

சைக்கிள் கடைக்காரர் பஞ்சரான ட்யூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, குமிழி எங்கே கிளம்புகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்ப் பள்ளிக்கூடம் விட்டு வந்த பெரிய வகுப்புப் பிள்ளைகளும் தொட்டிக்குள் தலையை நீட்டியிருந்தார்கள்.

"அதோ அண்ணே, அங்க!"

"அது ஓட்டை இல்லடா, உன் வாய்க் காத்து."

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நெடுநெடுவென்று வளர்ந்திருந்ததால் கொக்கு என்று பேர் வாங்கியவன், சிரித்த வேகத்தில் அவர் தோள்மீதே சாய்ந்துவிட்டான்.

அலமாரிக்குப் பின்னாலிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தாள். "கொக்கு, இருமினியா?"

"இல்லக்கா, சிரிச்சேன்."

"இருமுற மாதிரி சிரிக்காத."

அவள் சும்மா கேட்கவில்லை. முன்பு ஒரு விபத்தில் கடைக்காரரின் மண்ணீரலை எடுத்துவிட்டார்கள். மற்றவர்களுக்குச் சாதாரணமாகப் போகிற காய்ச்சல் இவருக்கு ஆளையே சாய்த்துவிடும் என்று மருத்துவர் சொன்னதை அவள் குரங்குப்பிடியாகப் பிடித்துக்கொண்டாள். சொன்ன தடுப்பூசியெல்லாம் போட வைத்தாள். மூக்குச் சிந்துகிறவன் யாராக இருந்தாலும் வாசலோடு சரி. "உன் வீட்டுக்கு வர விசா வாங்கணும் போலிருக்கே" என்று அவள் சொந்த அண்ணனே முறைத்துக்கொண்டு போனார். போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் காலை கடைக்காரர் தலை வலிக்கிறது என்றார். வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டியில் ஏற்றும்போது அவர் காலில் ஊதா நிறப் புள்ளிகளைக் கண்டாள். கிரீஸ் என்று நினைத்துத் துணியால் துடைத்தாள். போகவில்லை. இன்னும் அழுத்தித் துடைத்தாள்.

மூளைக்காய்ச்சல் என்றார்கள். மருந்து ஏறிக்கொண்டே இருந்தது. பொழுது சாயும்போது அவர் இல்லை. அவர் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு, "எப்ப வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்?" என்று அவள் கேட்டாள். மருத்துவர் முதலில் சொன்னதையே மறுபடி சொல்ல வேண்டியிருந்தது.

நோய் அவளுக்கும் வராமலிருக்க மாத்திரை கொடுக்கச் சுகாதாரச் செவிலியர் வீட்டுக்கு வந்தார்.

"யாருக்கு இருமல் இருந்துச்சு? கண்டுபிடிச்சீங்களா?"

"யாருக்குமே இருந்திருக்க வேண்டியதில்லம்மா. நல்லா இருக்கிறவங்க தொண்டையிலயே இந்தக் கிருமி குடியிருக்கும். வயசுப் பிள்ளைங்ககிட்டதான் அதிகம். அதுங்களுக்கே தெரியாது. பக்கத்துல உக்காந்து பேசி, சிரிச்சு..." செவிலியர் அங்கேயே நிறுத்திக்கொண்டார்.

"அவருக்குத்தான் ஊசி போட்டிருந்துச்சே!"

"மண்ணீரல் இல்லாத உடம்புல ஊசி முழுசாப் பிடிக்காமப் போகலாம். சுத்தி இருக்கிறவங்க போட்டுக்கிட்டாதான் இவர மாதிரி ஆளுங்களுக்குக் காவல். பிள்ளைங்களுக்குப் போட்டா அவங்க தொண்டையில கிருமி தங்கறது குறையும், மத்தவங்களுக்குப் போறதும் குறையும். நாளைக்கு எதிர்ப் பள்ளிக்கூடத்துல போடுறோம்."

அவள் தரையில் உட்கார்ந்தாள். "இருமினவனையெல்லாம் விரட்டினேனே. சிரிச்சவனையெல்லாம் பக்கத்துல உக்கார வெச்சேனே."

ஒரு பெயர் வேண்டும் அவளுக்கு. யார் தொண்டையிலிருந்து வந்தது என்று தெரிந்தே ஆகவேண்டும். அதைக் கேட்கத்தான் மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போனாள்.

"எல்லார் தொண்டையையும் பாருங்க" என்றாள்.

"பார்த்தாலும் இன்னார்தான் கொடுத்தாங்கன்னு சொல்ல முடியாதும்மா" என்றார் செவிலியர்.

"பாருங்கங்கிறேன்!"

ஊசிக்குப் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே நடந்தாள். கொக்கு மட்டும் பின்வாங்கிச் சுவரில் ஒட்டிக்கொண்டான். வாயைக் கையால் பொத்தியிருந்தான்.

"கையை எடுடா."

அவன் தலையை ஆட்டினான். விரல்களுக்குள்ளிருந்து குரல் வந்தது. "கிட்ட வராதீங்கக்கா. எனக்குள்ளதான் இருக்கோ என்னமோ."

வரிசையில் இன்னும் சில கைகள் வாய்க்குப் போயின.

இந்த வாய்களில் ஒன்றின் பெயரைத்தான் கேட்டு வந்திருந்தாள். யாராவது ஒரு பெயரைச் சொல்லிவிடுவார்களோ என்று இப்போது பயமாக இருந்தது.

"தெரிய வேணாம்" என்றாள் செவிலியரிடம். கொக்கின் கையைப் பிடித்து வாயிலிருந்து இறக்கினாள். "சட்டைக் கையை மடி. ஊசின்னா பயமா?"

"எனக்கு ஒண்ணும் இல்லையேக்கா. எனக்கு எதுக்கு?"

"உனக்கும்தான். உங்க அண்ணன் மாதிரி ஒருத்தர் எங்கயாவது இருப்பார்ல, அவருக்கும்தான்."

கடைசிப் பிள்ளைக்குப் போட்டு முடிக்கும்வரை அங்கேயே நின்றாள். பிறகு சாலையைக் கடந்து கடைக்கு வந்தாள். பள்ளிக்கூட வாசலுக்கு எதிரே சாலையில் ஒரு பள்ளம் உண்டு. அதில் இறங்கித்தான் பாதி சைக்கிள்கள் பஞ்சராகும். ட்யூபுக்கு ஒட்டுப் போட்டதோடு சரி, பள்ளத்தை இன்னும் யாரும் மூடவில்லை.