கழித்த காடைகள்

காடைக்காரம்மா வீடு எது என்று கேட்டால் அந்தத் தெருவில் யாரும் கை காட்டுவார்கள். வீட்டுக்குப் பின்னால் நீளமான கொட்டகை, ஒவ்வொரு பெட்டைக்கும் தனிக் கூண்டு. எது தவறாமல் முட்டையிடுகிறது, எதன் ஓடு உறுதி, எதன் குஞ்சுகள் பிழைக்கின்றன என்று பார்த்துப் பார்த்துத் தேறியதை இனத்துக்கு நிறுத்துவாள். தேறாததைக் கறிக்கு அனுப்புவாள். மனிதர்களையும் அவள் அப்படித்தான் பார்த்தாள். தேறியவர்கள் மிகக் குறைவு.

தேறாதவர்களில் முதல் ஆள் அவளுடைய சம்பந்தி, மகளின் மாமனார். ஊரில் அவருக்கு ‘டாக்டர்’ என்று பெயர். ஒரு காலத்தில் மருந்துக் கம்பெனிப் பையோடு டாக்டர்களின் வாசலில் காத்துக் கிடந்தவர். கிடந்த இடத்தில் பட்டமும் ஒட்டிக்கொண்டது. ஓய்வு பெற்றதும் தேனீ வளர்த்தார். அவை நல்ல இடம் பார்த்துப் போய்விட்டன. காளான் போட்டார், பூஞ்சணம் வந்தது. இரண்டைப் பற்றியும் இன்றைக்கும் அடுத்தவருக்கு ஆலோசனை சொல்வார்.

ஒரு நாள் மருமகளை அவள் அம்மா வீட்டில் கொண்டுவந்து விட்டவர், கறிக்காரருக்காகக் காடைகளைப் பிடித்து வைத்திருந்த கூண்டின் முன்னால் நின்றுவிட்டார். அடித்தட்டில் பெரிய பெரிய முட்டைகள். பளிங்கில் மை தெளித்ததுபோல் ஊதாத் திட்டுகள்.

“இவ்வளவு பெரிய முட்டை இடுறதையா கறிக்கு அனுப்புறீங்க சம்பந்தி?”

“முட்டை பெருசுதான். குஞ்சு பொரியாது. பெருசு வேணும்னு ஒரே குடும்பத்துக்குள்ளயே சேர்த்துட்டே வந்தேன். இப்போ முக்கால்வாசி ஓட்டுக்குள்ளயே செத்துடுது. இந்த வம்சத்தையே கழிச்சாச்சு.”

“குஞ்சு யாருக்கு வேணும்? சாப்பிட முட்டை கிடைச்சா போதும்.”

“அப்போ எடுத்துட்டுப் போங்க. உங்களுக்குப் பொருத்தமாத்தான் இருக்கும்.”

குத்தல் உறைக்காமல் அவர் சிரித்தார். சேவல்களையும் சேர்த்தே அள்ளிக்கொண்டு போனார்.

சில மாதங்கள் கழித்துப் பறவை வளர்ப்போர் கண்காட்சி நடந்தது. காடைக்காரம்மாவும் தன் முட்டைகளை வைத்திருந்தாள். நடுவர்கள் எடை போட்டார்கள், ஓட்டின் நிறம் பார்த்தார்கள், ஒவ்வொரு தட்டிலிருந்தும் ஒன்றைக் கண்ணாடிமேல் உடைத்து வெள்ளைக்கரு குவிந்து நிற்கிறதா என்று குனிந்து பார்த்தார்கள். முதல் பரிசு டாக்டருக்கு.

அந்தத் தட்டைக் கண்டதுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. ஒவ்வொரு பெட்டைக்கும் முட்டையின் புள்ளி ஒரு கையெழுத்து. தன் கொட்டகையின் கையெழுத்து அவளுக்கு மறக்குமா?

“பல தலைமுறையா நானே பொறுக்கிப் பொறுக்கி உருவாக்கின இனம் இது,” என்று மேடையில் டாக்டர் மைக்கைப் பிடித்துக்கொண்டார். “பொறுமை வேணும். அதைவிடக் கண்ணு வேணும். எல்லாருக்கும் அந்தக் கண்ணு அமையாது.”

காடைக்காரம்மா கை தட்டினாள். நான் கழித்ததைப் பொறுக்கி எடுத்து வந்து பரிசு வாங்குகிறான், அதைக் கொடுக்கவும் மூன்று முட்டாள்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைக்க நினைக்க அவளுக்கு உள்ளுக்குள் இனித்தது. சொல்லியிருந்தால் அந்த இனிப்பு போயிருக்கும்.

பரிசு கிடைத்த கையோடு டாக்டர் அடைமுட்டை விற்க ஆரம்பித்தார். தெருமுனைத் தையல்காரர், கண் மங்கி ஊசி கோக்க முடியாமல் போனவர், தையல் மெஷினை விற்று முட்டையும் பொரிப்புப் பெட்டியும் வாங்கினார். பொரிய வேண்டிய நாள் வந்தது. ஒன்றிரண்டு குஞ்சுகள் வெளியே வந்து காலை இழுத்துக்கொண்டு கிடந்தன. மிச்சத்தை அவர் அப்படியே கூடையில் போட்டு எடுத்துக்கொண்டு டாக்டர் வீட்டுக்கு வந்தார்.

“உங்க வீட்டுக் கரண்ட் சரியில்லை,” என்றார் டாக்டர், நாற்காலியை விட்டு எழாமல். “இனத்துமேல பழி போடாதீங்க.”

மருமகள் ஒரு முட்டையை உடைத்தாள். முழுதாக வளர்ந்த குஞ்சு, அலகு ஓட்டில் முட்டியபடி செத்திருந்தது. அவள் கை கழுவிக்கொண்டு நேரே அம்மா வீட்டுக்கு வந்தாள்.

“அந்தக் காடைங்க நீ கழிச்சதுதானே?”

“வேற என்ன? அந்த மூஞ்சிக்குச் சொந்தமா இனம் உண்டாக்கத் தெரியுமா?” காடைக்காரம்மா தவிடு கலக்குவதை நிறுத்தவில்லை.

“பரிசு கொடுத்தப்பவே தெரியுமா?”

“தட்டைப் பார்த்ததுமே தெரிஞ்சுது. தானா மூக்கு உடையட்டும்னு விட்டேன்.”

“அவர் மூக்கு அப்படியேதான் இருக்கு. உடைஞ்சது தையல்காரருக்கு.” மகளின் குரல் உயரவில்லை. “அவர் அரைகுறை. சொன்னாலும் புரியாம வித்தாரு. நீ புரிஞ்சே கை தட்டிட்டு உட்கார்ந்திருந்தே. எனக்கு அவரைப் பார்த்தா சிரிப்பு வருது. உன்னைப் பார்த்தா அதுகூட வரலை.”

காடைக்காரம்மாவுக்கு முகம் சுண்டிப்போனது. யாரும் அவளிடம் அப்படிப் பேசியதில்லை. அவள்தான் மற்றவர்களைப் பார்க்கும் இடத்தில் இருந்து பழகியவள்.

மறுநாள் காலையில் நல்ல வம்சத்துக் குஞ்சுகளை அட்டைப்பெட்டியில் அடுக்கித் தையல்காரர் வீட்டில் கொண்டுபோய் வைத்தாள். அங்கிருந்து அவரையும் அழைத்துக்கொண்டு சம்பந்தி வீட்டுக்குப் போனாள்.

“அது நான் கழிச்ச வம்சம். இவர்கிட்ட ஏன் சொல்லலை?”

டாக்டர் கண்ணாடியைத் துடைத்தார். “இவ்வளவு தெரிஞ்சவங்க கண்காட்சியிலேயே சொல்லியிருக்கலாமே சம்பந்தி.”

வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த ஆள் சரியாகச் சொன்ன ஒரு விஷயம், அதுவும் அவளைப் பற்றியதாக இருந்தது. அந்த எரிச்சல் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

டாக்டர் கொஞ்ச நாளில் காடைகளைக் கைவிட்டு முயலுக்குத் தாவினார். மகள் தன் வீட்டு மாடியில் கூண்டு கட்டினாள். இனத்துக்குப் பெட்டைகள் எடுக்க ஒரு மாலை அம்மாவின் கொட்டகைக்கு வந்தாள்.

“மூணாவது வரிசையில எடு. அதுதான் பெருசா இடும்,” என்றாள் காடைக்காரம்மா.

மகள் காதில் வாங்கவில்லை. ஒவ்வொரு முட்டையாக விளக்குக்கு எதிரே பிடித்து, நகத்தால் தட்டி, தானே பார்த்துப் பெட்டைகளை எடுத்தாள். அம்மா கூண்டுக் கதவுகளைத் திறந்து திறந்து பிடித்துக்கொண்டாள்.