ஒரு மில்லிமீட்டருக்கு ஒன்றேகால் அடி

அக்டோபர் பதினான்காம் தேதி செவ்வாய்க்கிழமை காலை சுந்தர்சிங் தன் எலக்ட்ரிக் கிதாரின் தந்திகளை ஒரு மில்லிமீட்டர் இறக்கினார். இரும்புலியூரில் அவருடைய வீடு ஒன்றேகால் அடி இறங்கியது. சுவரில் விரிசல் விழவில்லை, அடுப்பிலிருந்த பால் தளும்பவில்லை, தண்ணீர்க் குழாயும் கரண்ட் ஒயரும் தேவைக்கேற்ப வளைந்துகொடுத்தன. அவர் மனைவி சரோஜினி குப்பை வாளியோடு வாசலுக்கு வந்தபோதுதான், இறங்க வேண்டிய இடத்தில் ஏற வேண்டியிருப்பதைக் கவனித்தார். தெருக்காரர்கள் யாரும் பதறவில்லை. தார் மேல் தாராகப் போட்டு ரோட்டை உயர்த்தி, வீடுகளைப் பள்ளத்தில் விடுவது இந்தப் பக்கத்தில் புதிதல்ல. மறுபடியும் ரோடு போட்டுவிட்டார்கள் போல என்று நினைத்துக்கொண்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

சுந்தர்சிங்குக்கு வயது அறுபத்து மூன்று. ரயில்வே அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்து நான்கு வருடங்களாக ஞாயிறு ஆராதனையில் கிதார் வாசிக்கிறார். அம்மை போட்டிருந்த இரண்டு ஞாயிறுகள் தவிர விட்டதே இல்லை. சமீபமாக இடது கை விரல் மூட்டுகள் வீங்கி, தந்தியை அழுத்தினால் வலி தோள்வரை ஏறியது. தந்தி தாழ்வாக இருந்தால் லேசாக அழுத்தினாலே போதும் என்று ஒரு வீடியோவில் பார்த்துத் தானே திருகிக்கொண்டார். வலி குறைந்தது உண்மை. ஆனால் தந்திகள் கிதாரின் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் ஃப்ரெட் கம்பிகளில் உரசி, ஒவ்வொரு ஸ்வரத்துக்குப் பின்னாலும் கிர்ரென்று ஓர் இரைச்சல் கேட்டது. சமையலறையில் எவர்சில்வர் பாத்திரங்களும் கூடவே கிர்ரென்றன.

சரோஜினி கணக்கு டீச்சராக இருந்தவர். ஒரு விஷயத்தைப் பாதியில் விடும் பழக்கம் அவருக்கு இல்லை. கணவரைத் தந்தியை ஏற்றச் சொல்லி, இறக்கச் சொல்லி, அசையாமல் நின்ற காம்பவுண்ட் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு, மூன்றே நாளில் விடையை எழுதிவிட்டார்: ஒரு மில்லிமீட்டருக்கு ஒன்றேகால் அடி. இதில் மனம் நொந்தவர் எதிர்வீட்டு லோகு ஒருவர்தான். அவர் வீடுகளுக்கு அடியில் ஜாக்கி வைத்துத் தூக்கும் வேலை செய்பவர். ஒரு வீட்டுக்கு இருநூறு ஜாக்கியும் இரண்டு மாதமும் பிடிக்கும். "இன்னா சார் நீ, தம்மாத்தூண்டு ஸ்க்ரூவ திருப்பிக்கினு நம்ம பொழப்புல கை வெக்கிறியே" என்றார். சுந்தர்சிங் உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

நவம்பர் கடைசியில் செம்பாக்கம் ஏரி நிரம்பி மீன்கள் தெருவுக்கு வந்துவிட்டதாகச் செய்தி வந்தது. இரண்டு வருடம் முன்பு இதே போன்ற மழையில் சுந்தர்சிங்கின் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர் நின்று, கட்டிலும் பீரோவும் ஊறிப் போயின. இப்போது வீடு அதைவிடவும் பள்ளத்தில் இருந்தது. தந்தியை ஏற்றினால் வீடு தப்பிக்கும், அவரால் வாசிக்க முடியாது. ஏற்றாவிட்டால் வாசிக்கலாம், வீடு முழுகும். அவர் ஏற்றவில்லை. இதை மறைத்து என்ன பயன்? தண்ணீரைவிட, கிறிஸ்மஸ் ஆராதனையில் தன் நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்திருப்பதை நினைத்துத்தான் அவர் பயந்தார். சரோஜினி சண்டை போடவில்லை. "நீங்க வாசிங்க. நான் கட்டிலுக்கு அடியில செங்கல் வெச்சுக்கறேன்" என்றார். அறுபது வயதுப் பெண்மணி கொல்லையிலிருந்து இரண்டிரண்டு செங்கலாகச் சுமந்து வருவதைச் சுந்தர்சிங் ஒரு மணி நேரம் பார்த்தார். பிறகு வெட்கம் தாங்காமல் கிதாரைப் பைக்குள் வைத்து ஷேர் ஆட்டோ ஏறினார்.

குரோம்பேட்டையில், ஜி.எஸ்.டி. ரோட்டுச் செருப்புக்கடை ஒன்றின் மாடியில் ஜெரூஷா கிதார் பழுது பார்க்கிறார். பாலிடெக்னிக்கில் படித்தவர், நாற்பது வயது. ஒரு தந்தியைச் சுண்டிவிட்டே எந்த ஃப்ரெட் எத்தனை முடியளவு தூக்கியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். இப்படி ஒருவர் இங்கே இருப்பது ஊர் செய்த பாக்கியம். கழுத்து மழை ஈரத்தில் வளைந்திருக்கிறது என்றும், ஏழாவது ஃப்ரெட்டைத் தேய்த்தால் இரைச்சல் போய்விடும் என்றும் அவர் சொன்னார். சுந்தர்சிங் வீட்டு விஷயத்தைச் சொன்னபோது, தந்தி துருப்பிடித்ததைக் கேட்பவர் போலத் தலையாட்டினார்.

"போன தடவ எவ்ளோ தண்ணி வந்துச்சு அங்கிள்?"

"முழங்கால் வரைக்கும்மா."

"அப்போ அஞ்சு மில்லிமீட்டர் ஏத்திடலாம். சேஃபா இருக்கும்."

"ஏத்திட்டா நான் எப்படிம்மா அழுத்துவேன்?"

"அழுத்தாதீங்க அங்கிள்."

ஜெரூஷா மேஜை டிராயரிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு ஸ்டீல் குழாயை எடுத்துச் சுந்தர்சிங்கின் மோதிர விரலில் மாட்டினார். குளியலறையில் துண்டு போடும் கம்பியிலிருந்து வெட்டி, ஓரத்தை மழுக்கி, கண்ணாடி போலத் தேய்த்து வைத்திருந்தது அது. தந்தியின் மேல் குழாயைப் படியவைத்து நகர்த்தினால் போதும், ஃப்ரெட்டைத் தொடவே வேண்டாம், தந்தி எவ்வளவு உயரமோ அவ்வளவு நல்லது என்று சொல்லிவிட்டுத் திருகுகளை ஏற்றத் தொடங்கினார். அப்போது மணி பதினொன்று இருபது. இரும்புலியூரில் கையில் செங்கலோடு நின்ற சரோஜினி, ஜன்னலில் லோகுவின் முகம் கீழே கீழே போவதைப் பார்த்தார். ஆறேகால் அடி என்று மனக்கணக்குப் போட்டுவிட்டுச் செங்கலைக் கீழே வைத்தார்.

மழை மூன்று நாள் பெய்தது. தெருவில் நான்கடித் தண்ணீர் ஓடியது. வீட்டுக்கு அடியில், பாலத்துக்கு அடியில் போவது போலப் போயிற்று. ஊர் வீட்டையெல்லாம் தூக்கிய லோகு தன் வீட்டைத் தூக்கியிருக்கவில்லை. அவர்தான் ஏணியும் பலகையும் கொண்டுவந்து சாய்த்து, பதினோரு குடும்பங்களை மேலே ஏற்றி, கடைசியாகத் தானும் ஏறினார். நாற்பத்து மூன்று பேருக்குச் சரோஜினி இரண்டு குக்கரில் மாற்றி மாற்றிக் கிச்சடி போட்டார். சுந்தர்சிங் மூலையில் உட்கார்ந்து குழாயை நகர்த்திப் பழகினார். முதல் நாள் எல்லா ஸ்வரமும் அரை ஃப்ரெட் தள்ளி விழுந்தது. "இன்னும் கொஞ்சம் மேல" என்று சரோஜினி அடுப்படியிலிருந்தே திருத்தினார். இரண்டாம் நாள் மதியம், வழக்கமாக வாசிக்கும் பழைய கீர்த்தனை ஒன்றில், ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப்போகும் இடம் வந்தது. முப்பத்து நான்கு வருடமாக அந்த இடத்தை அவர் படிப்படியாகத் தாண்டித்தான் வந்திருக்கிறார், பாடுகிறவர்கள் போகும் வழியில் ஒருநாளும் போனதில்லை. இப்போது போனார். கரண்ட் இல்லாததால் ஆம்ப்ளிஃபயர் இல்லை. கிதாரின் சத்தம் கொசுச் சத்தத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது. அதைக் கேட்பதற்காக நாற்பத்து மூன்று பேரும் பேச்சை நிறுத்தினார்கள், லோகுவின் கைக்குழந்தைப் பேத்தி உட்பட. இரைச்சல் துளிகூட இல்லை. வாசித்து முடித்தபோது சுந்தர்சிங் அழுதுகொண்டிருந்தார், விரல் வலியால் அல்ல.

ஐந்தாம் நாள் தண்ணீர் வடிந்தது. ஜெரூஷா போன் செய்து, கிதாரைக் கொண்டுவந்தால் தந்தியைப் பழையபடி இறக்கித் தருவதாகச் சொன்னார். போனை எடுத்தது சரோஜினி.

"வேணாம்மா," என்றார். "இவரு இப்பதான் வாசிக்க ஆரம்பிச்சிருக்காரு."

வாசலுக்கு ஒன்பது படிகள் கட்டினார்கள். கரண்ட் மீட்டர் பார்க்க வருகிறவர் இப்போது அதில் ஏறி வந்து, ரீடிங் எழுதிக் கொடுத்துவிட்டு இறங்கிப் போகிறார்.