மண்டபத்தில் கிடந்த ஒயர்கள்

சாரதாமணி மகளின் வாயை உள்ளங்கையால் பொத்தியிருந்தாள். மோனிஷாவின் கண்ணீர் அவள் விரல் இடுக்கில் இறங்கி முழங்கை வரை ஓடியது.

"சத்தம் வேண்டாஞ் சாமி. வித்யாவுக்குத் தாலி ஏறட்டும். அப்பறம் எவ்வளவு வேண்ணாலும் அழுவு."

கட்டிலில் அவள் புருஷன் கந்தவேல் ஒருக்களித்துக் கிடந்தார். ராத்திரி மண்டபத்தில் மைக் செட்டுக்கு ஒயர் இழுத்துப் போட்டுவிட்டு வந்து, "நெஞ்சு கரிக்குது புள்ள" என்று சொல்லிப் படுத்தவர். காலையில் அவள் காபியோடு வந்து தொட்டபோது உடம்பு சில்லிட்டு விறைத்திருந்தது.

கொடிக்காலுக்கு அந்தப் பக்கம்தான் மண்டபம். காற்று திரும்பும்போதெல்லாம் நாதஸ்வரம் வீட்டுக்குள் வந்தது, வெற்றிலைக் கொடிகளுக்குள் புகுந்து காணாமல் போனது, மறுபடி வந்தது. அவ்வளவும் அவர் கை இழுத்துப் போட்ட ஒயர்களுக்குள் ஓடித்தான் வருகிறது. ஆள் இங்கே கிடக்கிறார், அவர் வேலை அங்கே நடக்கிறது. இரண்டில் எது நிஜமென்று அவளுக்குப் பிடிபடவில்லை.

செங்கோடன் மகள் வித்யாவின் கல்யாணம், போன தையிலேயே நடந்திருக்க வேண்டியது. மாப்பிள்ளை வீட்டில் சாவு விழுந்து தள்ளிப்போனது. 'பொண்ணு ராசி' என்று பேசினார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? இப்போது மைக் செட்காரரும் செத்துக் கிடக்கிறார் என்று தெரிந்தால், எழவு வீட்டுச் சாமான் என்று ஒயரையெல்லாம் பிடுங்கி வெளியே எறிவார்கள். அதோடு மாப்பிள்ளை வீட்டாரும் எழுந்து போய்விட்டால் அந்தப் பெண்ணின் கதி என்ன?

கந்தவேலின் போன் அதிர்ந்தது. கௌதமன். அவள் தம்பி, மண்டபத்தில் மைக் பார்த்துக்கொண்டிருப்பவன்.

"அக்கா, மாமா எங்கீங்க? பாக்ஸெல்லாம் ம்ம்ம்னு எரையுது. ஐயர் சொல்ற மந்திரமே கேக்கல. போன அவருகிட்டக் குடுங்க."

சாரதாமணி போனை மகளிடமிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டாள்.

"தூங்கறாரு சாமி. எங்கிட்டச் சொல்லு. மேடைகிட்டப் பாரு, மைக் ஒயரும் கரண்ட் ஒயரும் ஒட்டிப் படுத்திருக்குதா?"

"ஆமாங்க்கா. லைட்டுக்காரங்க காலைல இழுத்துட்டாங்க."

"பிரிச்சுத் தள்ளிப் போடு. தாண்டறதுன்னா குறுக்கால தாண்டட்டும். கூடப் படுக்க உடாத."

அது அவர் வாய்ச்சொல். 'ரெண்டும் பங்காளிங்க புள்ள, பக்கத்துல படுத்தா மொனகிக்கிட்டே கெடக்கும்' என்று சொல்லிச் சிரிப்பார். அவர் ஒயர் சுற்றும்போதெல்லாம் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள். கேட்டுக் கேட்டு அலுத்த பேச்சு. இன்று அதைத் தன் வாயால் சொல்ல வேண்டியதாயிற்று.

இரைச்சல் நின்றது. மந்திரம் தெளிவாக, பக்கத்து அறையில் சொல்வதுபோல் வந்தது. மோனிஷாவும் திமிறலை விட்டுவிட்டுக் காது கொடுத்தாள். ஓட்டு இடுக்கில் இறங்கிய வெயில் கந்தவேலின் கன்னத்தில் மெல்ல நகர்ந்தது. அவரும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார், இன்னும் கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்து 'சத்தத்தக் கொஞ்சம் கொறைக்கச் சொல்லு' என்பார் என்று சாரதாமணி நம்பினாள். உண்மையாகவே நம்பினாள்.

கெட்டிமேளம் கொட்டியது. தாலி ஏறும் நேரத்தில் அழுகையோ தும்மலோ யார் காதிலும் விழக் கூடாது என்று கொட்டுவது. சாரதாமணி மகளின் வாயிலிருந்து கையை எடுத்தாள். "அப்பா" என்று மோனிஷா அவர் மேல் விழுந்தாள். மேளம் நிற்கும் வரை அழுதுவிட்டு, அது நின்றதும் சேலைத் தலைப்பைத் தானே வாய்க்குள் திணித்துக்கொண்டாள்.

மறுபடி போன்.

"அக்கா, தாலி கட்டியாச்சுங்க. ஒரு கொறையும் இல்ல. செங்கோடண்ணன் கண்ணத் தொடச்சுக்கிட்டே நிக்கறாரு. மாமாவ எழுப்பிச் சொல்லுங்க."

"சொல்றேன்."

"மாமாவுக்கு எலையில கட்டிக்கிட்டு வரட்டுங்களா?"

அவள் கந்தவேலின் மேல் போர்வையை இழுத்துவிட்டாள்.

"என்னங்க்கா?"

"வேண்டாஞ் சாமி. நீ மொதப் பந்தியிலயே உக்காந்து வயிறு நெறையச் சாப்புடு. பாயசம் வர்ற வரைக்கும் எந்திரிக்காத. அப்பறம் வா."

போனை வைத்தாள். கந்தவேலின் தலைக்குக் கீழே தலையணையை நேராக்கினாள். பிறகு இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய், கொண்டையை அவிழ்த்துவிட்டாள்.