வயலின்காரருக்குப் பீஸ் கட்டியது

தங்க முனை வைத்த ஃபியூஸை ஆம்ப்ளிஃபையரில் பொருத்திய ஞாயிற்றுக்கிழமை மாலை, பல் டாக்டர் வீட்டு இடது ஸ்பீக்கரிலிருந்து வயலின்காரர் ஒருவர் இறங்கி வந்து சோபாவில் உட்கார்ந்தார். அறுபது வயது இருக்கும். சட்டையில் ஒரு பொத்தானைக் காணோம். இசைத்தட்டு அது பாட்டுக்குச் சுற்ற, அவர் அவர் பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருந்தார். டாக்டர் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. ‘கலைஞர் உங்கள் அறையிலேயே இருப்பார்’ என்று ஃபியூஸ் டப்பாவிலேயே அச்சடித்திருந்தார்கள். சொன்னதைச் செய்கிற கம்பெனி இந்தக் காலத்தில் எங்கே இருக்கிறது என்று மனைவியிடம் மெச்சிக்கொண்டார். மனைவி வந்தவரிடம் காபி குடிக்கிறீர்களா என்று கேட்டார். சர்க்கரை கம்மியாக என்றார் வயலின்காரர்.

டாக்டரின் மைத்துனர் மின்சார ஆபீஸில் லைன்மேன். பில் கட்டாத வீட்டில் பீஸ் பிடுங்குவதும், பீஸ் போன வீட்டில் கம்பி சுற்றிக் கட்டுவதும் அவர் வேலை. அதனால் தெருவில் அவருக்கு ‘பீஸ் மச்சான்’ என்று பெயர். மறுநாள் வந்தவர், வயலின்காரரின் கால்களைச் சுற்றிக்கொண்டு போய் ஸ்பீக்கரில் காதை வைத்துப் பத்து நிமிடம் கேட்டார். “அதே பழைய சத்தந்தான் மாமா. பீஸ்ல என்ன இருக்கு? கரண்ட் போற வழி, அவ்வளவுதான்,” என்றார்.

“பீஸ் இல்ல மாப்ள, ஃபியூஸ். ஆளே வந்து உக்காந்திருக்காரு பாரு.”

“ஆள் வந்திருக்காரு. நான் இல்லேன்னு சொல்லல. சத்தத்தப் பத்திப் பேசுங்க.”

இந்தப் பேச்சு மூன்று வருடம் ஓடியது. அதற்குள் வயலின்காரர் வீட்டில் ஒருவராகிவிட்டார். முன்னறையில் பல் பிடுங்கிக்கொள்ள வந்தவர்கள், உள்ளேயிருந்து வரும் வாசிப்பைக் கேட்டுச் சொல்லாமலே வாயைத் திறந்தார்கள். இருபது வருடமாக “வித்தியாசம் தெரியுதா?” என்ற கணவரின் ஒரே கேள்வியைக் கேட்டுச் சலித்திருந்த டாக்டரின் மனைவியிடம், “உங்களுக்கு என்னம்மா வாசிக்கட்டும்?” என்று முதன்முதலாகக் கேட்டவர் அவர்தான். டாக்டரோ பகலெல்லாம் துளைக்கும் மிஷினின் இரைச்சலைக் கேட்டுவிட்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான் மனிதரானார். ஆம்ப்ளிஃபையரை யாரும் அணைக்கவே இல்லை. ஒரு தடவை சாதா பீஸைப் போட்டுப் பார்த்துவிடலாமே என்று மைத்துனர் வரும்போதெல்லாம் நச்சரித்தார். “அவர் போயிட்டா நீயா வந்து வாசிப்ப?” என்று கேட்டுவிட்டு, டாக்டர் ஆம்ப்ளிஃபையரின் பின்பக்கத்தில் இன்னும் நான்கு திருகாணி போட்டு முடுக்கினார்.

நான்காவது வருடம் ஒரு நண்பகலில் வோல்டேஜ் எகிறி ஃபியூஸ் போயிற்று. வயலின்காரர் வாசிப்பின் நடுவே நின்றுபோனார். முதலில் பாதம் வெளிறியது, பிறகு முழங்கால். ஃபியூஸ் விற்ற கடைக்குப் போன் போட்டால், கம்பெனியை இழுத்து மூடி ஒரு வருடம் ஆயிற்று என்றார்கள். மனைவி தம்பியைக் கூப்பிட்டார். இடுப்பு பெல்ட்டோடு கம்பத்திலிருந்து இறங்கி அவர் பன்னிரண்டு நிமிடத்தில் வந்து சேர்ந்தபோது, வயலின்காரரின் மார்பு வழியாகச் சோபாவின் பூப்போட்ட உறை தெரிந்தது. டாக்டர் திருகாணிகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். எத்தனையோ கடைவாய்ப் பற்களை அசராமல் பிடுங்கியவர், ஒரே திருகாணியை மூன்று முறை நழுவவிட்டார்.

“மாப்ள, எதையாவது சுத்துடா. அந்த பீஸைக் கட்டுடா,” என்றார்.

பீஸ் என்று அவர் வாயால் வந்ததை மைத்துனர் கவனித்தார். ஆனால் அதைப் பிடித்துக்கொள்ளவில்லை. மெயினை அணைத்தார். சட்டைப் பையிலிருந்த மிச்ச ஒயரைப் பல்லால் உரித்தார். பல் டாக்டர் அதற்கு டார்ச் அடித்துக் காட்டினார். மைத்துனர் ஒரே ஒரு செம்பு இழையை எடுத்து, செத்துப்போன ஃபியூஸின் தங்க முனைகளில் சுற்றி, உள்ளே செருகி, மெயினைப் போட்டார். சோபாவின் பூக்கள் மறைந்தன. வயலின்காரர் விட்ட இடத்திலிருந்து வாசித்தார். மனைவி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதார்.

நியாயப்படி விவகாரம் அத்தோடு தீர்ந்திருக்க வேண்டும். ஆனால் டாக்டரின் இசைத்தட்டு நண்பர்கள் ஏழெட்டுப் பேர் கூடிவந்து கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, செம்பு இழையில் அடித்தொனி நன்றாக இறங்குகிறது என்று அடித்துச் சொன்னார்கள். மைத்துனர் முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்த மாதம் யாருக்கும் தெரியாமல் வந்து ஸ்பீக்கரில் காதை வைத்தார். இப்போது, இழையை இடமிருந்து வலமாகச் சுற்றினால்தான் சத்தம் தெளிகிறது என்பது அவர் கட்சி. வலமிருந்து இடமாக என்பது டாக்டரின் கட்சி. இதை வைத்து இருவரும் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பொறுக்க முடியாமல் மனைவி வயலின்காரரையே கேட்டுவிட்டார்.

“ரெண்டும் ஒண்ணுதாம்மா,” என்றார் அவர், தந்தியை முறுக்கிக்கொண்டே.

“அவர் வாசிக்கிற ஆளு, அக்கா,” என்றார் மைத்துனர். “அவருக்கு என்ன தெரியும்?”

டாக்டரும் அதுதானே என்று தலையாட்டினார். அன்றிலிருந்து மாமனும் மச்சானும் மறுபடி பேசிக்கொள்கிறார்கள்.