கனத்த பெயருக்கு இரண்டு நிறக் கஞ்சி

1

இந்தக் கதை ஒரு காலிப் பக்கத்திலிருந்து வந்தது. ரொறொன்ரோத் தமிழ்க் கடை வாசல்களில் இலவசமாக அடுக்கிக் கிடக்கும் வாரப் பத்திரிகை ஒன்றைக் குலசிங்கம் அண்ணை நடத்திக்கொண்டிருந்தார். அதில் குழந்தைப் பெயர்களின் பொருள் சொல்லும் பகுதி என்னுடையது. 1997 மாசியில் அழைத்தார்.

"தமிழ்ப் பேர் முடிஞ்சுது, வடமொழி முடிஞ்சுது, பைபிள் பேரும் முடிஞ்சுது. இனி என்ன செய்யப்போறீர்?"

"இந்தோனேசியப் பேர் எழுதட்டோ?"

"உதை ஆர் வாசிக்கிறது? சரி, எழுதும். விளம்பரம் வராட்டில் அந்த இடத்திலை போடுறன்."

எழுத உட்கார்ந்தேன். யாவாத் தீவில் ஏகோ என்றால் முதற்பிள்ளை, துவி இரண்டாவது, திரி மூன்றாவது. வடமொழி எண்கள் கப்பலேறிப் போய்ப் பிள்ளைகளாகிவிட்டன. ஸ்லாமெத் என்றால் சுகமாக இருப்பவன். பலருக்கு ஒற்றைப் பெயர்தான், குடும்பப் பெயர் கிடையாது.

[இங்கே பாலித் தீவு பற்றி ஒரு பந்தி. வாயான் என்றால் மூத்தவர், மாதே என்றால்]

அந்தப் பந்தி அப்படியே நிற்கிறது. காரணம், நடுவில் ஒரு வரி எழுதிவிட்டேன்: யாவாவில் பிள்ளை ஓயாமல் நோயில் விழுந்தால், பெயர் கனத்துவிட்டது என்று சொல்லி வேறு பெயர் வைப்பார்கள். அதற்குப் பிறகு கட்டுரை நகரவே இல்லை. யாரோ ஒரு தாய் வந்து குறுக்கே நின்றுவிட்டாள்.

2

தொடக்கங்கள்.

'மோர்னிங்சைட்டில் பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலை...' வேண்டாம். கனடாக் கதையெல்லாம் பனியில்தான் தொடங்குகிறது.

'வேரோனிக்காவின் பெரிய கண்கள்...' அவள் கண்ணால் இந்தக் கதைக்கு ஒரு பயனும் இல்லை.

'வேரோனிக்காவின் பிள்ளைக்கு மறுபடியும் காய்ச்சல்.' இது இருக்கட்டும்.

3

வேரோனிக்காவின் பிள்ளைக்கு மறுபடியும் காய்ச்சல். ஏழு மாதப் பையன். ஒரு காது ஆறினால் மற்றக் காது, இரண்டும் ஆறினால் மூச்சு இழுப்பு. குளிர்காலத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் வருவதுதான் என்றார் டொக்டர். வேரோனிக்காவுக்கு அது எல்லாப் பிள்ளைகளும் அல்லவே.

பெயர் சீமோன். வைத்தவன் அவள் கணவன் கஸ்பர். அவனுடைய தம்பி சீமோன் ஊரில் ஷெல் விழுந்து இறந்தவன். செத்தவன் பெயரைக் கேட்கிற மனிசனிடம் எப்படி மாட்டேன் என்பது? அவள் சரி என்றாள்.

துவியாந்தி அதே கட்டடத்தில் ஐந்தாம் மாடி. யாவாக்காரி. கீழே உடுப்புத் தோய்க்கும் லோன்றி றூமில் பழக்கம். (அவர்கள் பேசியது இருவருக்கும் பாதி பாதி தெரிந்த ஆங்கிலம். அப்படியே எழுதினால் இரண்டுபேரும் மொக்குகள்போலத் தெரிவார்கள். ஆகவே வேரோனிக்காவின் தமிழில் தருகிறேன்.)

"பிள்ளைக்கு ஆற்றை பேர்?" என்று கேட்டாள் துவி.

"இவற்றை தம்பியின்ரை. சண்டையிலை செத்தவர்."

"அப்ப பேர் கனத்துப்போச்சு. பிள்ளையாலை தூக்க ஏலாமல் கிடக்குது. மாத்துங்கோ."

"என்னெண்டு மாத்துறது? ஞானஸ்நானம் குடுத்தாச்சு."

"கஞ்சி காய்ச்சவேணும். பாதி தேங்காய்ப்பால் விட்டு வெள்ளை, பாதி பனங்கட்டி போட்டுச் சிவப்பு. பேர் ஆருக்குக் கனக்குதோ அவற்றை வாயிலை முதல் கரண்டி.* பிறகு புதுப் பேரை எல்லாருக்கும் சொல்லவேணும்."

"உங்கடை பேர் கனக்கேல்லையோ?"

துவி துவாயை மடித்து வைத்தாள். "நான் ரெண்டாவது. மூத்தவன் ஏகோ பிறந்த கிழமையே செத்துப்போனான். என்னைக் கூப்பிடேக்கை எல்லாம் அம்மா ஒண்டை எண்ணிப்போட்டுத்தான் ரெண்டுக்கு வருவா. எனக்குக் கனக்கேல்லை. அவவுக்குத்தான்."

* கஞ்சி யாவா வழக்கம். முதல் கரண்டி விதி நான் போட்டது. கதைக்குத் தேவைப்பட்டது.

4

கஸ்பரில் எனக்குச் சந்தேகம். முதல் பிரதியில் கஞ்சிச் சட்டியைத் தூக்கி எறிந்தான். நாடகக்காரன் மாதிரி இருந்தது. இரண்டாவதில் குலுங்கிக் குலுங்கி அழுதான், கதையே ஈரமாகிவிட்டது. மில்லிக்கன் பக்கத்துத் தொழிற்சாலையில் கதிரைகளுக்கு ஸ்குரூ முறுக்கிவிட்டு வருகிறவன் கஞ்சியைக் கண்டால் என்ன செய்வான்? பசியோடு வருவான். அவ்வளவுதான். அப்படியே வரட்டும்.

5

சனிக்கிழமை வேரோனிக்கா கஞ்சி காய்ச்சினாள். புதுப் பெயரும் தயார்: மரியோ. அவள் பக்கத்திலும் கஸ்பர் பக்கத்திலும் அந்தப் பெயரில் யாரும் சாகவில்லை. பிள்ளையை மடியில் வைத்துக் கரண்டியை எடுத்த நேரம் கஸ்பர் கதவைத் திறந்தான்.

"டேய் குட்டி, இண்டைக்கும் காய்ச்சலோ? என்ரை ராசா."

கரண்டி நின்றது. குட்டி. ராசா. செல்லம். ஏழு மாதமாக வேறொன்றும் அவன் வாயில் வந்ததில்லை. ஞானஸ்நானத்தில் சுவாமியார் பிள்ளையின் பெயரைக் கேட்டபோதும் அவள்தான் சொன்னாள். அவளுக்குக் கோபம் வந்தது. பாவமாகவும் இருந்தது.

"நீங்கள் வைச்ச பேர். நீங்கள் ஒருநாளும் கூப்பிடேல்லை."

"என்ன விசர்க்கதை."

"எப்ப கூப்பிட்டனீங்கள்? சொல்லுங்கோ."

கஸ்பர் சப்பாத்துக்கூடக் கழற்றவில்லை.

"கூப்பிட வாயெடுக்கிறன்," என்றான். "கூப்பிட்டா இவன்தானே திரும்பிப் பாப்பான். அவன் பாக்கமாட்டான்."

வேரோனிக்கா கரண்டியைப் பிள்ளையிடமிருந்து திருப்பிக் கஸ்பரின் வாயில் வைத்தாள்.

"உது என்னப்பா?"

"கஞ்சி. விழுங்குங்கோ."

6

முடிவு ஒன்று: மறுநாள் காய்ச்சல் விட்டது. இப்படி எழுதினால் கஞ்சி மருந்தாகிவிடும். டொக்டரின் மருந்தும் உள்ளே போயிருந்தது.

முடிவு இரண்டு: மரியோ என்று எல்லாருக்கும் சொன்னார்கள், தம்பி இன்னொருதரம் செத்தான். எழுதக் கை வரவில்லை.

மூன்றாவதில் இவ்வளவுதான் எனக்குத் தெரியும். கஸ்பர் விழுங்கினான். குனிந்தான். பிள்ளை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது. கஸ்பர் ........ என்று கூப்பிட்டான். குட்டி என்றல்ல, ராசா என்றல்ல. பிள்ளை திரும்பிப் பார்த்தது.

"பேர் எழுதிற பகுதியிலை பேர் இல்லாமல் ஒரு கதையோ?" என்று குலசிங்கம் அண்ணை ஏசினார். விளம்பரம் வராததால் போட்டுவிட்டார்.

அந்தப் புள்ளிகள் உங்களுடையவை. மரியோ என்று நினைப்பவர்கள் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். சீமோன் என்பவர்கள், எழுத முன்னர் கஸ்பரின் இடத்தில் நின்று ஒருதரம் வாய்விட்டுக் கூப்பிட்டுப் பாருங்கள்.